ஒரு தடவை கழுவினால் போதும்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் மூச்சைத் தவிர. போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. ஐந்தாவது வார்த்தையை என் வீட்டுக்காரர், அதான் உன் மாப்பிள்ளை, வாங்கிப் பேச வேண்டியிருக்கிறது. அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்த விஷயத்தையும் 'ஏறியிருக்கு', 'இறங்கியிருக்கு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். அதனால்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேனா பிடிக்க மூச்சு வேண்டாம்.

என் மகள் வாலுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. 'சித்தி' சொல்லச் சொன்னால் காற்றுதான் வருகிறது. 'பெரியம்மா' மட்டும் சுத்தமாக வருகிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

போன வாரம் பெரிய டாக்டர் ஒருவரிடம் போனோம். முழங்கைக்குக் கீழே வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாகக் குத்தினார். தூசி, பூனை முடி, பூந்தாது எதற்கும் ஒன்றுமில்லை. ஏழாவது சொட்டு வைத்த இடம் கால் மணி நேரத்தில் அரை எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. அது என்ன தெரியுமா? நம் என்சைம். பூஞ்சையிலிருந்து எடுக்கிறோமே, சோள மாவில் துளை போட, அதேதான்.

டாக்டர் கேட்டார், "ரொட்டி பேக்டரியில வேலை பாத்தீங்களாம்மா? மாவுல இத கலக்கிறவங்களுக்குத்தான் இப்படி வரும்." இல்லை, ரத்தம் நிறுத்தும் பவுடர் செய்தோம் என்றேன். விளக்கிச் சொல்லச் சொன்னார். என்சைம் மாவுமணியைக் கடித்துக் கடித்துத் தேன்கூடு மாதிரி ஆக்கும், அந்தத் துளை மாவைக் காயத்தில் தூவினால் ரத்தத்தில் இருக்கும் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், ரத்தம் உறையும், வேலை முடிந்ததும் உடம்பே மாவைச் செரித்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லும்போது இருமலையும் மீறி எனக்குப் பெருமைதான்.

ஆகவே அக்கா, ஒரு சின்ன விஷயம். நான் உன் லேபில் வேலையை விட்டபோது நீ கையெழுத்துப் போட்ட தாளில் 'பிறவியிலிருந்தே இளைப்பு நோய்' என்று இருக்கிறது. எனக்கு எப்போது இளைப்பு இருந்தது? மாடிப்படியில் உன்னை முந்தி ஓடியவள் நான். எடை போடும் அறையில் காற்றிழுக்கும் விசிறி ஐந்து மாதம் ஓடவில்லை. பாதி நாள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அந்தப் பொடியை அள்ளினேன். அதை மட்டும் திருத்திக் கொடு. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு எந்த லேபிலும் என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.

கோபத்தில் எழுதவில்லை. கோபப்படவும் மூச்சு வேண்டுமே.

உன் அன்புத் தங்கை,
சில்லு


மார்ச் 16

என் செல்லச் சில்லுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கண் கலங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு. வெந்நீர் குடி. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே. இத்துடன் ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன், நிறம் உனக்கு எடுப்பாக இருக்கும்.

விசிறி ஐந்து மாதம் ஓடவில்லை என்று எழுதியிருக்கிறாய். ரிஜிஸ்டரைப் பார்த்தேன், பதினோரு நாள்தான். உடம்பு முடியாதபோது நாள்கணக்கு நீளமாகத் தெரிவது இயல்புதான். சின்ன வயதில் குளிர்காலத்தில் உனக்கு இருமல் வந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்குத்தான் மறந்துவிட்டது.

தாளைத் திருத்துவது பெரிய காரியமில்லை. ஆனால் இப்போது நேரம் சரியில்லை. நம் துளை மாவை மூன்று ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. இந்த நேரத்தில் பழைய ஊழியர் ஒருவரின் தாளில் நான் கை வைத்தால், ஏன் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே நாற்பது குடும்பம் இதை நம்பி இருக்கிறது. ஒரு வருஷம் பொறு. அதற்குள் உனக்கே குணமாகிவிடும்.

உன்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் நான். உனக்குக் கெடுதல் நினைப்பேனா? அம்மா போன பிறகு உனக்குத் தலை பின்னிவிட்டது யார்?

வாலுக்கு முத்தங்கள்.

என்றும் உன்,
அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சால்வை வந்தது. அழகாக இருக்கிறது. கம்பளி முடிக்கு எனக்கு இருமல் வருகிறது என்பதால் உன் மாப்பிள்ளை போர்த்திக்கொண்டு கூட்டணித் தலைவர் மாதிரி வீட்டுக்குள் நடக்கிறார்.

பதினோரு நாள் என்றால் பதினோரு நாள். விசிறியோடு நான் சண்டைக்குப் போகப் போவதில்லை. இது வேறு விஷயம்.

ஆறு மாதமாகவே மாதப்போக்கு அதிகம். இருமலுக்கு நடுவில் இதையும் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டேன். ஸ்கேன் எடுத்ததில் கருப்பையில் கட்டி, எலுமிச்சை அளவில் ஒன்று, அதைவிடச் சின்னதாக இரண்டு. எடுக்க வேண்டும். கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையை விட்டுவைக்க முடியும், ஆனால் எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காமல் போனால் கருப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். உனக்குத் தெரியும், இன்னொன்று வேண்டும் என்று நான்கு வருஷமாக ஆசைப்படுகிறோம்.

அப்போது அந்த அம்மாவே சொன்னார், "புதுசா ஒரு பவுடர் வந்திருக்கு. மாவுலதான் பண்றாங்களாம். இதுவரைக்கும் பதினாலு பேருக்குப் போட்டேன், ரத்தம் சட்டுனு நிக்குது." டப்பாவை எடுத்துக் காட்டினார். நம் டப்பா அக்கா! உன் மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "டாக்டர், இத பண்ணினதே என் வீட்டுக்காரியும் அவ அக்காவும்தான்" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் என் கை வீங்கிய கதையைச் சொன்னேன். அந்த அம்மா முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு அந்த என்சைம் ஆகாதுன்னா, பவுடர்ல அது துளிகூட இல்லேன்னு தயாரிச்சவங்க எழுத்துல குடுக்கணும். இல்லேன்னா நான் போட மாட்டேன். தையல் போட்டுப் பாத்துக்கலாம், மத்தது உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். மாவைச் சூடாக்கி என்சைமைக் கொல்ல முடியாது, கஞ்சியாகிவிடும். அதனால்தான் காரக் கரைசல் விட்டு, பிறகு ஆல்கஹாலில் மூன்று முறை கழுவுவோம். ஆனால் நான் இருந்த கடைசி மாதம், நாள் நெருங்குகிறது என்று சொல்லி, "ஒரு தடவை கழுவினா போதும்டி, மூணு தடவை கழுவி யாருக்கு மாலை போடப் போறாங்க" என்றாய். அப்படிக் கழுவிய மாவை என்ன செய்தாய்? பிறகு மறுபடி மூன்று தடவை ஆக்கினாயா? இப்போது ஆஸ்பத்திரியில் இருப்பது எது?

இருக்கிறதா, இல்லையா. ஒரு வார்த்தை போதும். இருக்கிறது என்றால் தையலோடு போகிறேன், உன்மேல் வருத்தமில்லை, யாரிடமும் ஏன் என்று சொல்ல மாட்டேன். மே 9 அன்று ஆபரேஷன். அதற்குள் எழுது.

சில்லு


ஏப்ரல் 21

என் கண்ணான தங்கைக்கு,

இல்லை.

நீ கேட்ட ஒரு வார்த்தையை முதலில் எழுதிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி. அந்த மாத மாவெல்லாம் அப்போதே குப்பைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பது முழுக்கப் புது மாவு, மூன்று கழுவல், சோதனை செய்து பார்த்தாயிற்று. டாக்டருக்குக் காட்ட லேப் முத்திரையுடன் தனித்தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். 'தயாரித்த பவுடரில் என்சைம் இல்லை, என்சைம் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பயன்படுத்தலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தையல், அதிர்ஷ்டம் என்றெல்லாம் பேசுவதை நிறுத்து. உனக்கு இன்னொரு பிள்ளை பிறக்க வேண்டும். அது நம் மாவால் பிறந்தது என்று நான் ஊரெல்லாம் சொல்ல வேண்டும். நீ அள்ளிக் கொட்டிச் செய்த பொருள் உனக்கே உதவுகிறது, இதைவிட என்ன வேண்டும்?

ஆபரேஷன் முடிந்து தேறியதும் வா, அந்தப் பழைய தாளையும் மாற்றித் தருகிறேன். ஆபரேஷன் அன்று எனக்கு ஒரு கருத்தரங்கு இருக்கிறது, வர முடியாது. மனசு முழுக்க உன்னிடம்தான் இருக்கும்.

தைரியமாகப் போ. அக்கா சொல்கிறேன்.

உன் அக்கா


மே 24

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளை போனில் சொன்னார். சொன்னார் என்பதைவிடக் கத்தினார் என்பதே சரி. அவர் மனநிலை எனக்குப் புரிகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டாய் என்று கேட்டதும்தான் எனக்குச் சோறு இறங்கியது.

எந்த ஆபரேஷனிலும் சில சமயம் இப்படி ஆகும். மயக்க மருந்தாக இருக்கலாம், வேறு ஊசியாக இருக்கலாம். ஆயிரம் காரணம் உண்டு. அவசரப்பட்டு எதன் மேலும் பழி போட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். உயிர் தப்பியதே பெரிது. ஒரு பெண்ணே போதும் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்.

ஒரு சின்ன உதவி. நான் அனுப்பிய அந்தத் தனித்தாள் இருக்கிறதல்லவா, அதை எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. அதில் தேதி தவறாகப் போட்டுவிட்டேன், சரியாக எழுதி வேறு அனுப்புகிறேன். என் கடிதத்தையும் வைத்திருக்க வேண்டாம், கிழித்துவிடு. அக்கா தங்கைக்குள் ஆயிரம் எழுதிக்கொள்வோம், அந்நியர் கையில் போனால் அர்த்தமே மாறிவிடும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாம்.

பதிவுத் தபாலில் அனுப்பு.

உன் அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. ஐந்து நாளாக எழுதுகிறேன், ஒரு நாளைக்கு ஒரு பத்தி.

அன்று இடுப்புக்குக் கீழேதான் மரக்க வைத்திருந்தார்கள். நான் விழித்திருந்தேன். நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணித் திரை. அந்தப் பக்கம் டாக்டரம்மா பேசிக்கொண்டே வேலை செய்தார். "கட்டி வந்துருச்சு. உங்க பவுடர போடறேன்மா" என்றார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு நாக்கு தடித்தது. எடை போடும் அறையில் கடைசி நாள் எப்படி இருந்ததோ அப்படியே. எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. டாக்டருக்கு முன்னால், மெஷினுக்கு முன்னால், எனக்குத் தெரிந்துவிட்டது. "கழுவுங்க, கழுவுங்க" என்று கத்தினேன். மயக்க மருந்து டாக்டர் என்னம்மா என்னம்மா என்கிறார். "அத கழுவுங்க" என்றேன். அதுதான் என் சொந்தக் குரலில் நான் பேசிய கடைசிப் பேச்சு. தொண்டை மூடிவிட்டது. வாய் வழியாகக் குழாய் போகவில்லை, கழுத்தை அறுத்து அந்த வழியாக விட்டார்கள். அந்த நேரத்தில் கீழே ரத்தம் நிற்கவில்லை. கருப்பையை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டியிருந்தது என்று டாக்டரம்மா பிறகு என் கட்டிலருகே நின்று சொன்னார். அந்த அம்மா அழுதார். பதினாலு பேருக்கு ஒன்றும் ஆகாத பொருள், தயாரித்தவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொருள், அவர் மேல் எனக்கு என்ன கோபம்?

இப்போது என் குரலைக் கேட்டால் வாலு அறைக்குள் வர மாட்டேன் என்கிறாள். கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, பேசாத, கைய மட்டும் காட்டு" என்கிறாள்.

போன வாரம் ஸ்டோர் அண்ணன் வந்திருந்தார், ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார்ந்து. உன் லேப் ஸ்டோரில் பன்னிரண்டு வருஷம் சாவி வைத்திருக்கும் மனுஷன் உட்காரவே மாட்டேன் என்றார். நின்றுகொண்டே சொன்னார், "அந்த மாச மாவ குப்பையில போடலைம்மா. புது லேபிள் ஒட்டினது நான்தான், என் கையாலதான். சோதனையில என்சைம் இருக்குன்னு வந்துச்சு. நான் மேடத்துகிட்ட கேட்டேன். லட்சத்துல ஒருத்தருக்குத்தான் ஆகாம போகும், விடுங்கன்னாங்க."

நானும் யோசித்துப் பார்த்தேன். உனக்குக் கணக்கு நன்றாக வரும். லட்சத்தில் ஒருத்தி என்பது சரியாகவே இருக்கலாம். அந்த ஒருத்தி ஏப்ரல் மாதம் தன் பெயர், தேதி, ஆஸ்பத்திரி எல்லாம் சொல்லி உனக்குக் கடிதம் எழுதினாளே அக்கா. இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தைதானே கேட்டாள்.

நீ திருப்பிக் கேட்ட தாள் என்னிடம் இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாளே டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். கேஸ் கட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டார். மீதிப் பவுடரையும் அவர்தான் சோதனைக்கு அனுப்பினார். ஸ்டோர் அண்ணன் சொன்னதும் அந்த ரிப்போர்ட்டும் ஒன்றாக இருக்கின்றன. சுகாதாரத் துறையிலிருந்து விசாரணைக்கு வருவார்கள் என்கிறார்கள்.

சில்லு


ஜூலை 30

என் ஒரே தங்கைக்கு,

மூன்று ஆஸ்பத்திரியிலும் நிறுத்திவிட்டார்கள். என் அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நேற்று வரை எழுந்து நின்றவர்கள் இன்று நான் போனால் காபி கப்பைப் பார்க்கிறார்கள். உனக்குத் திருப்திதானே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஆமாம், எனக்குத் தெரியும். சோதனையில் மிகக் குறைவாகத்தான் இருந்தது. உனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்த டாக்டரம்மா சும்மா இருந்திருப்பாரா? பதினெட்டு வருஷம் சில்லு. கல்யாணம், பிள்ளை, வீடு எதுவும் வேண்டாம் என்று நான் பிடித்துக்கொண்ட ஒரே பிடி அது. உன்னிடம் புருஷன் இருக்கிறார், வாலு இருக்கிறாள். என்னிடம் அந்த மாவு மட்டும்தான் இருந்தது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. அடுத்த மாதம் விசாரணையில் உன்னைக் கேட்பார்கள். அந்த மாத மாவைக் கழுவியது உன் கை. மூன்று தடவை கழுவச் சொன்னேன், உடம்பு முடியாததால் நீ ஒரு தடவையோடு விட்டுவிட்டாய், பயத்தில் என்னிடம் சொல்லவில்லை. இப்படிச் சொன்னால் போதும். சோதனைத் தாளை நான் பார்த்துக்கொள்கிறேன், ஸ்டோர்க்காரரையும் சரிக்கட்டிவிடலாம். உன்னை யாரும் தண்டிக்க மாட்டார்கள், நீ பாதிக்கப்பட்டவள். இரக்கம்தான் படுவார்கள். நீ இனி லேப் வேலைக்குப் போகப் போவதில்லை. குரலும் போய்விட்டது. உனக்கு இழக்க இனி என்ன இருக்கிறது? எனக்கு எல்லாம் இருக்கிறது.

யோசித்துப் பார். கோபத்தில் முடிவெடுக்காதே.

உன் அக்கா


ஆகஸ்ட் 22

அக்காவுக்கு,

வியாழக்கிழமை போனேன். உன் மாப்பிள்ளை வெளியே நடையில் பெஞ்சில் இருந்தார். உள்ளே நீள மேசை, மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா என் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, "பேச முடியலைன்னா எழுதுங்கம்மா" என்றார். பேசுகிறேன் என்றேன். என் குரலைக் கேட்டதும் ஓரத்தில் இருந்தவர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உன் ஜூலை மாதக் கடிதம் பையில் இருந்தது. கொடு கொடு என்று உன் மாப்பிள்ளை வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கொடுத்தேன். எல்லாவற்றையும் கொடுத்தேன். நீ கிழிக்கச் சொன்னதையும் சேர்த்து. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்த மாத மாவைக் கழுவியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். எத்தனை தடவை? ஒரு தடவை. யார் சொல்லி? சொன்னேன்.

படித்து முடிக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆனது. ஒருவர் சாய்வாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அக்கா, தங்கச்சின்னு எழுதியிருக்கு. பதிவுல போடணும். அவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

எனக்கு மூச்சு வாங்கியது. அவசரமில்லம்மா என்றார். தண்ணீர் குடித்தேன்.

"உறவு எதுவும் இல்லைங்க. அவங்ககிட்ட வேலை பாத்தேன்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டினார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன்.